எட்டாவது எழுத்து

1938 ஜனவரி 24ஆம் தேதி, கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டு ஊர் ஒன்றில், சென்றாயன் மனைவி அத்தாயி மலைக்காய்ச்சலில் இறந்தாள். வயது இருபத்தைந்து. அன்றே அடக்கம் செய்தார்கள். மறுநாள் விடிந்ததும், அவள் உயிர் போன இடத்தில் கவிழ்த்து வைத்திருந்த கூடையை ஊர்க்கவுண்டர் செங்கோடன் தூக்கினார்.

அடியில் கேழ்வரகு மாவு பரப்பியிருந்தது. இறந்தவர் வந்து போனால் மாவில் தடம் விழும். அதைப் பார்த்து இனி என்னவாகப் பிறப்பார் என்று சொல்வார்கள். மாவு முழுக்கக் கீறல்கள்.

“கோழிக்கால்,” என்றார் கவுண்டர்.

“பின்னே? உசுரோட இருந்தப்பவும் மாவக் கெளறிக்கிட்டுத்தானே கெடந்தா,” என்றாள் அத்தாயியின் அக்கா கண்ணாயி. சிரித்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அத்தாயியின் மகள் பொன்னாயி முன்னால் வந்தாள். ஐந்து வயது. விரல் நுனியில் மாவு.

“கோழியில்லீங்க. ராத்திரி கூடையத் தூக்கி நானுங்க எழுதுனேன். அம்மா சொல்லிக்குடுத்ததுங்க.”

“உங்கம்மாளுக்கு எழுத்து ஏது கண்ணு?” கவுண்டர் சென்றாயன் பக்கம் திரும்பினார். “மூணு வருசம் அடிவாரத்துல படிச்சவனாச்சே நீ. எழுத்தா இது? பாத்துச் சொல்லப்பா.”

சென்றாயன் குனிந்தான். முதல் மூன்றும் எழுத்து என்று தெரிந்தது. நான்காவதிலிருந்து அவனுக்கும் கோழிக்கால்தான். எழுத்து என்று சொன்னால் வாசிக்கச் சொல்வார்கள்.

“கோழிதானுங்க,” என்றான்.

பொன்னாயி அவனையே பார்த்தாள். பிறகு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

போன ஆவணியில் அத்தாயி அவனிடம் கேட்டிருந்தாள்: “படிச்சவருங்க நீங்க. புள்ளைக்கு ரெண்டெழுத்து சொல்லிக்குடுத்தா என்னங்க?”

“பொட்டப்புள்ள படிச்சுக் கலெக்டராவா போவப்போவுது?” என்று எழுந்து போனான். படித்தது முக்கால்வாசி மறந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் மறுபடி கேட்கவில்லை. சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு கொண்டுபோகும்போதெல்லாம் வியாபாரி நசீர் அகமதுவின் மனைவி ஜீனத் பீவியிடம் ஒரு எழுத்துக் கேட்டு வந்தாள். நடைக்கு ஒன்று, அதற்கு மேல் நினைவில் நிற்காது. மலை ஏறும் வழியெல்லாம் உள்ளங்கையில் விரலால் போட்டுக்கொண்டே வருவாள். உப்பு மூட்டையை இறக்கியதும் மகளைக் கூப்பிட்டு முறத்து மாவில் போட்டுக் காட்டுவாள். ஏழு சந்தை, ஏழு எழுத்து. ஒருமுறை, “சோத்து மாவுல என்ன வெளையாட்டு?” என்று சென்றாயன் முறத்தைக் காலால் தள்ளிவிட்டான்.

வந்தவர்கள் கலைந்தபின் பொன்னாயி கேட்டாள்: “ஏனுங்கப்பா, எட்டாவது எப்படிங்க இருக்கும்? அடுத்த சந்தைக்குக் கொண்டாறேன்னு அம்மா சொல்லுச்சுங்க.”

அவன் மாவை முறத்தில் அள்ளிக்கொண்டு ஓடையில் கரைக்கப் போனான்.

அடுத்த சந்தைக்கு மிளகு மூட்டையோடு அவனே இறங்கினான்.

“அத்தாயி வரலியா?” என்றாள் ஜீனத் பீவி.

சொன்னான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க ஊட்டுக்காரரு நல்லாப் படிச்சவரு, அவருக்கு வேலை ஒழியறதில்ல, அதான் உங்களக் கேக்கறேன்னு அத்தாயி சொல்லும்,” என்றாள் கடைசியில். “ஏழு முடிஞ்சுது. இனி எட்டாவதுலயிருந்து நீங்களே சொல்லிக்குடுத்துருங்க.”



“எனக்கு நாலாவதுலயிருந்து வேணுங்க,” என்றான் சென்றாயன்.

அன்று நான்காவது எழுத்தோடு மலை ஏறினான். எட்டாவது அந்த வீட்டுக்கு வந்துசேர மேலும் நான்கு சந்தைகள் ஆயின.