ஊர்த்தெரு வழியாக

தெருமுக்கில் பாடை நின்றது. கொட்டுச் சத்தமும் நின்றுபோனது. முன்னால் தோள் கொடுத்திருந்த அண்ணன் அழகுமலை திரும்பி முத்துப்பிரியாவைப் பார்த்தான். ஊர்த்தெருவை மறித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றிருந்தது.

"ஓடை வழியாக் கொண்டு போங்கப்பா. ஒங்காளுக எப்பவும் போற வழிதான?" என்றார் கூட்டத்துக்கு முன்னால் நின்ற சீனிச்சாமி.

எப்போதும் போகிற வழி அதுதான். ஐப்பசியில் அப்பா செத்தபோது ஓடையில் கழுத்தளவு தண்ணீர். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் பாடை நனைந்தது. கரையில் நின்று பார்த்த அம்மா கருப்பம்மாள், "என்னையத் தண்ணிக்குள்ள கொண்டு போயிராதீக" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நேற்று மலையில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப்பு போடிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முத்துப்பிரியா மதுரையில் குற்றவியல் படிக்கிறாள். மக்களாட்சியில் போலீசின் வேலை என்ன என்று வகுப்பில் கேட்டபோது, "பலமுள்ளவங்க பக்கம் நிக்கிறது" என்று சொன்னவள். அவள்தான் காலையில் ஸ்டேஷனுக்குப் போய், ஊர்த்தெரு வழியாகப் போகப் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தாள். நம்பிக்கை இருந்து அல்ல, அம்மா கேட்டதற்காக.

ஜீப்பு வந்தது. எஸ்.ஐ. ராமுத்தாயும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். அவ்வளவுதான்.

"வா ஆத்தா" என்று சிரித்தார் சீனிச்சாமி. "எங்க அக்கா மகளையே அனுப்பிருக்காக. சோலி வெரசா முடிஞ்சிரும்."

"ஓடைக்கே திருப்பிருவமா?" என்று முணுமுணுத்தான் அழகுமலை.

ராமுத்தாய் நேராகச் சீனிச்சாமியிடம் போனாள்.

"மாமா, இது பஞ்சாயத்து ரோடு. எல்லாருக்கும் பொது. ஒதுங்கி நில்லுங்க."

"நாளைக்கு எங்க வீட்டு வாசப்படி மிதிக்கணும்ல நீ?"

ராமுத்தாய் பாடையை ஒருமுறை பார்த்தாள்.

"மிதிக்கக் கூடாதுன்னா மிதிக்கல மாமா. ஆனா இந்தம்மா இந்த வழியாத்தான் போகும். மறிச்சா மொதக் கேசு உங்க மேலதான். நானே எழுதுவேன்."

குரல் உயரவில்லை. லத்தி ஜீப்பிலேயே கிடந்தது. மாமனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்.

"தூக்குங்கண்ணே" என்றாள் ராமுத்தாய்.

அவள் முன்னால் நடந்தாள். கொட்டு மறுபடி எழுந்தது. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. முத்துப்பிரியாவுக்கு அழ மறந்துபோயிற்று, கையெல்லாம் புல்லரித்திருந்தது. உயிரோடு இருந்தவரை செருப்புப் போட்டு நடந்திராத தெருவில், முகத்தில் வெயில் பட, அம்மா மிதந்து போய்க்கொண்டிருந்தாள்.

தெரு முடிவில் பெண்கள் நின்றுகொள்ள, ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். ராமுத்தாய் திரும்பி வந்தாள். முத்துப்பிரியா கைகூப்பப் போனாள், கை பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா பேரு என்னம்மா?"

"கருப்பம்மாள்."

ராமுத்தாய் தலையை மட்டும் அசைத்தாள். தெரு நெடுக சம்பங்கியும் செவ்வந்தியும் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒன்றும் மிதிபடாமல் பூட்ஸ் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, அவள் ஜீப்பை நோக்கி நடந்து போனாள்.