உண்மை நகல்

அக்காவின் வீட்டுக்காரரைக் குடும்பத்தில் எல்லாரும் ஆபீசர் என்றுதான் சொல்வார்கள். அவர் முன்னால் சொன்னால் மரியாதை, பின்னால் சொன்னால் வேறு. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பாளர். என்ன பிரிவு என்று தெரியாமல் கேட்டுவிட்டால் அரைமணி நேரம் விளக்குவார், கேட்டவருக்குத் தலைவலிதான் மிச்சமாகும். கணினி சமாசாரம் என்றால் அவரைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு துரும்பும் அசையக் கூடாது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

சின்னவள், அதாவது அக்காவின் தங்கை, ஒரு சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள். வருகிற துணிக்கு அடையாளச் சீட்டு குத்தி, கறை பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. அப்பா அவளோடுதான் இருக்கிறார். ஆயுசெல்லாம் பேருந்து ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்ற மனிதர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "இடது கண்ணுல ஓரமா ஒரு திரை இறங்குதும்மா" என்றார். ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கண் டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார், படம் எடுத்தார். விழித்திரை கிழிந்து பிரிய ஆரம்பித்திருக்கிறது. "இதுக்கு இங்க வசதி கிடையாது. பெரிய ஊர்ல ஒருத்தர் இருக்காரு, படத்தைப் பாத்துட்டுத்தான் யாரை முதல்ல கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுவாரு. இன்னிக்கே அனுப்புங்க. நடுப்பார்வை இன்னும் நல்லா இருக்கு. பிரியறது அது வரைக்கும் வந்துட்டா அப்புறம் ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார். படம் சின்னவளின் கைப்பேசிக்கு வந்தது. பெரிய டாக்டரின் மருத்துவமனைப் பக்கத்தில் நோயாளி எண்ணைப் போட்டு ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. இந்த அளவுக்கு மேல் கோப்பு போகக் கூடாது என்று அங்கே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் வினை.

"அளவு கிளவுன்னு போட்டிருக்கு பாரு. உங்க அத்தான்கிட்ட அனுப்பு" என்றாள் அக்கா.

"நானே ஒரு தடவை போட்டுப் பாக்கறேனேக்கா."

"அவரைக் கேக்காம நீயா அனுப்பினா அவர் மனசு என்ன பாடுபடும்? அப்புறம் நான்தானே அவரோட குப்பை கொட்டணும்!"

அதுவும் நியாயம்தான். அக்காவின் வீட்டில் ஆபீசரின் மனசு ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதை உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு முழுநேர உத்தியோகம். சின்னவள் படத்தை அத்தானுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் குடும்பக் குழுவில் ஆபீசரின் அறிவிப்பு வந்தது. செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தார், பிற்காலத்தில் பிள்ளைகள் படிக்க வேண்டும் போல. கைப்பேசியில் வந்த படத்தை யார் நம்புவார்கள்? அதனால் அலுவலகத் தாளில் அச்சிட்டிருக்கிறார். அச்சிட்டதற்கு அத்தாட்சி வேண்டாமா? அதனால் 'உண்மை நகல்' என்று ஊதா முத்திரை குத்திப் பச்சை மையில் கையெழுத்து போட்டிருக்கிறார். அதை ஸ்கேன் செய்தால் கோப்பு யானைக்குட்டியாக வந்து நின்றதாம். விடுவாரா? ஏதோ ஓர் இலவசத் தளத்தில் போட்டுச் சுருக்கி, பத்தாமல் இன்னொன்றில் போட்டுச் சுருக்கி, "சுண்டைக்காய் அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். அனுப்பியாச்சு, பெற்றுக்கொண்டோம்னு பதிலும் வந்தாச்சு" என்று முடித்திருந்தார். கீழே ஒரே கைதட்டல். சித்தப்பா மட்டும் மூன்று முறை தட்டியிருந்தார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இதற்குத்தான் சொன்னார்கள்.

சின்னவள் கடையில் ஒரு அம்மாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கம்பளிச் சட்டையைக் கொதிநீரில் போட்டுப் பொம்மைச் சட்டையாக்கி, இழுத்துப் பழையபடி செய்து தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். "சுருங்கினது சுருங்கினதுதாம்மா" என்று அனுப்பிவிட்டு, அத்தான் குழுவில் போட்டிருந்த படத்தைத் திறந்தாள். சகதியில் சிந்திய குழம்பு மாதிரி ஏதோ இருந்தது. பெரிதாக்கினாள். நரம்பும் இல்லை, கிழிசலும் இல்லை, வெறும் கட்டம் கட்டமாகக் காவி. அந்தப் படத்தில் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கிழிசல் இருந்த இடத்தின்மேல் பட்டா போட்ட மாதிரி உட்கார்ந்திருந்த அத்தானின் முத்திரை.

உடனே போன் போட்டாள்.

"அத்தான், படம் ஒண்ணுமே தெரியலையே."

"உனக்குத் தெரியாது பாப்பா. டாக்டருங்க கம்ப்யூட்டர்ல தெரியும்."

"முத்திரை எதுக்கு அத்தான்? அதுவும் கிழிஞ்ச இடத்து மேலயே!"

"முத்திரை இல்லாத காகிதத்தை எவன் மதிப்பான்? இருபது வருஷமா நான் பாக்காத கோப்பா? நீ துணியைப் பாரு, இதை நான் பாத்துக்கறேன்."

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறும் போயின. "பெரிய இடம், பொறுமையா இருக்கணும்" என்று ஆபீசர் எல்லாருக்கும் பொறுமையை உபதேசித்தார். திங்கட்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிடும்போது தட்டுக்கு இடப்பக்கம் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவையும் தட்டிவிட்டபோது சின்னவள் அத்தானின் படத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"பாருங்கப்பா, இதைத்தான் அனுப்பியிருக்காரு."

அப்பா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சன்னலைப் பார்த்தார். கையை எடுத்துப் படத்தைப் பார்த்தார். "சரியாத்தானேம்மா இருக்கு. இந்தக் கண்ணுக்கு இப்ப எல்லாமே இப்படித்தான் தெரியுது" என்றார். சிரிக்க வேறு செய்தார். அவளுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை.

அக்காவைப் போனில் கூப்பிட்டாள். நாலு தடவை கேட்ட பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமையே பதில் வந்திருக்கிறது. 'படம் தெளிவாக இல்லை, மருத்துவர் கொடுத்த கோப்பை அப்படியே அனுப்பவும், அவசரம்' என்று. ஆபீசர் அதைப் படித்தார், யோசித்தார், கோப்பு இன்னும் கனமாக இருப்பதால்தான் அங்கே திறக்கவில்லை என்று தீர்ப்பு சொன்னார். விடுமுறை முடிந்து இன்று காலை அலுவலகம் திறந்ததும், அதையே இன்னொரு சுற்று சுருக்கி அனுப்பியிருக்கிறார்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அவரைக் கேப்ப. அவர் என்னைக் கேப்பாரு."

சின்னவள் போனை வைத்தாள். முதல் நாள் டாக்டர் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தாள். மருத்துவமனைப் பக்கத்தில் எண்ணைப் போட்டாள், ஏற்றினாள். அது பாட்டுக்குப் போய் உட்கார்ந்தது. சுருக்கவும் வேண்டியிருக்கவில்லை, நறுக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆதியிலிருந்தே அது அந்த அளவுக்குள்தான் இருந்திருக்கிறது. ஊதிப் பெருக்கியது அத்தானின் தாளும் முத்திரையும்தான். அவள் டீ போட்டு முடிப்பதற்குள் போன் அடித்தது. "இப்பவே கிளம்புங்க. தலையை அதிகம் ஆட்டாம கூட்டிட்டு வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

அன்றே கிளம்பினார்கள். அறுவை முடிந்து வெளியே வந்த பெரிய டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, "விழித்திரையை ஒட்டியாச்சு. ஆனா நடுப்பார்வை போயிடுச்சு, இனி அந்தக் கண்ணுல வெளிச்சம் நிழல் தெரியும், அவ்வளவுதான். இந்தப் படத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கலாமே?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி உண்டு. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அதை வாயில் எடுப்பதில்லை.

அப்பா வீடு திரும்பி இடது கண்ணின் கட்டைப் பிரித்த மறுநாள் ஆபீசர் வந்தார். அக்கா பின்னால் பழப்பையோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நல்லவேளை மாமா, நான் முதல்லயே அனுப்பி வச்சதால உங்க பேரு அங்க பதிவாகியிருந்துச்சு. இல்லாட்டி இவ்வளவு சீக்கிரம் உள்ள விடுவானா? அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தைக் குடுங்க, சின்னதாக்கி எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

சின்னவளின் வாய் துறுதுறுத்தது. அக்கா அவளையே கெஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் அப்பாவின் வலதுபுறம் இருந்த நாற்காலியை இழுத்தார்.

"அங்க வேண்டாம் மாப்பிள்ளை" என்றார் அப்பா. குரலில் அத்தனை மரியாதை. இடது கையை நீட்டிக் காற்றில் தட்டிக் காட்டினார். "இப்படி வந்து இந்தப் பக்கம் உக்காருங்க."

ஆபீசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தாயா என்பதுபோல் மனைவியைப் பார்த்துவிட்டு, நாற்காலியை அப்பாவின் இடதுபுறம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்து, கோப்பு வகைகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அப்பா நேரே சன்னலைப் பார்த்தபடி, முகம் தெளிந்து, நிதானமாக டீ குடித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் எழுந்துபோய், "சௌகரியமா உக்காருங்க அத்தான்" என்று அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டாள்.