நடந்து போன நாற்காலிகள்

நாற்காலிக்காரரிடம் எண்ணூறு நாற்காலிகள் இருந்தன. எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, ஊரில் அவற்றில் உட்காராத ஆளே கிடையாது. திரும்பி வந்த நாற்காலியைத் தூக்கிப் பார்த்தே, அதில் உட்கார்ந்து எழுந்தவரின் எடையைக் கிலோ சுத்தமாகச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

ஆளுங்கட்சி முப்பத்தைந்து வருடமாக ஆண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, பெரிய திடலில் அதன் கூட்டம். நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? அதுபோல அந்தக் கூட்டத்தை நாற்காலிக்காரர் தன் பதிவு நோட்டில் எழுதியதே இல்லை. அன்றைக்கு வேறு எந்தக் கட்சியும் ஊருக்குள் தும்மக்கூட மாட்டாது.

இந்த வருடம் தும்மின. பேருந்து ஓட்டுநர்கள் தனி வேட்பாளரை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் சங்கம் வேறு கொடியைப் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பல் டாக்டரம்மா ஒரு புதுக்கட்சியின் வேட்பாளராகவே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை நாற்காலிக்காரர் நோட்டைப் புரட்டினார். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து: ஞாயிறு, நாலு மணி, பள்ளிக்கூட மைதானம், எண்ணூறு, டாக்டரம்மா.

"ஏம்மா, நாளைக்கு ஆளுங்கட்சிக் கூட்டம்னு உனக்குத் தெரியாதா?"

"நோட்டுல காலியாத்தானே இருந்துச்சு?"

"அது எப்பவுமே காலியாத்தான் இருக்கும்!"

"அப்ப நீங்கதான் எழுதியிருக்கணும். உங்க மண்டைக்குள்ள புகுந்தா நான் பார்க்க முடியும்?"

விஷயம் விளையாட்டில்லை. நாற்காலிகளை அடுக்கும் கிடங்கு நகராட்சி நிலத்தில் இருந்தது. குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. கையெழுத்துப் போட வேண்டிய நகராட்சித் தலைவர்தான் ஆளுங்கட்சியின் ஊர்ச் செயலாளர். அவர் முகம் சுளித்தால் எண்ணூறு நாற்காலியும் வீட்டுக்குள் வந்துவிடும். புருஷனும் பெண்டாட்டியும் மொட்டை மாடியில்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

"டாக்டரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க. உங்க கடைவாய்ப் பல்லு வேலை பாதியில நிக்குது. அடுத்த வாரம் ஊசியும் கையுமா இருப்பாங்க, யோசிச்சுக்குங்க."

யோசித்தார். நாற்காலிகளை இரண்டாகப் பிரித்தார், ஆளுக்கு நானூறு. தொழிலில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு வித்தை இருந்தது. கல்யாணத்தில் நாற்காலிக்கும் நாற்காலிக்கும் ஒரு சாண் இடைவெளி. ஆளுங்கட்சிக்கு ஒரு முழம். நானூறு போட்டால் திடலே நிரம்பியதுபோலத் தெரியும்.

தெரியவும் செய்தது. ஞாயிறு நாலு மணிக்குச் செயலாளர் மேடையேறி, சாதனைகளைச் சொல்ல ஆரம்பித்தார். சாதனை என்று வந்துவிட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். முப்பத்தைந்து வருடச் சாதனை. லேசில் திறக்காது.

சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. திடலில் முன்வரிசையில் இருந்த காய்கறிக் கடைக்காரம்மா காதைத் தீட்டினார்.

"இத்தனை வருஷமா நம்ம வாயைத் திறக்கச் சொன்னவங்க, இன்னிக்குத்தான் அவங்க வாயைத் திறக்குறாங்க. போய்க் கேட்டுட்டு வரலாம்."

"அங்க உட்கார இடமில்லையாம்க்கா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இடமில்லேன்னா என்ன? கொண்டுபோனாப் போச்சு!"

நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார் கடைக்காரம்மா. பின்னால் பத்துப் பேர், நூறு பேர், கடைசியில் திடல் முழுக்க. வெள்ளை நாற்காலிகள் எறும்புச் சாரிபோலச் சாலையைக் கடந்தன. வழியில் மாட்டிக்கொண்ட பேருந்தின் ஓட்டுநர் நாலு முறை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி, தானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செயலாளர் கண்ணைத் திறந்தபோது, மைக்செட்காரரையும் போலீஸ்காரரையும் சேர்த்து நாற்பது பேர் இருந்தார்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"யோவ் நாற்காலி! எங்கய்யா எல்லாம்?"

"எதிர்ல இருக்குண்ணே."

"இன்னும் பத்து நிமிஷத்துல தலைமையகத்துலேருந்து தலைவர் வர்றார்யா, போட்டோக்காரனோட! நாளைக்குக் காலையில உன் கிடங்கு இருக்காது, பார்த்துக்க!"

நாற்காலிக்காரர் காலித் திடலை ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருடத் தொழில் புத்தி கைகொடுத்தது.

"அண்ணே, போட்டோவுல ஒரு காலி நாற்காலி பத்து ஆளை முழுங்கிடும். இங்கதான் ஒண்ணுகூட இல்லையே! நாப்பது பேரையும் மேடையை ஒட்டி நெருக்கி நிக்க வைங்க. போட்டோவை மேடைக்குக் கீழேயிருந்து எடுக்கச் சொல்லுங்க."

தலைவரின் கார் வந்து நின்றது. நாற்பது பேரும் நாலாயிரம் பேர்போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கத்தினார்கள்.

"ஏன், நாற்காலி போடலையா?" என்றார் தலைவர்.

"போட்டோம் தலைவரே. உங்க பேச்சை உட்கார்ந்து கேட்க மாட்டோம்னு ஜனங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று முந்திக்கொண்டார் நாற்காலிக்காரர்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கட்சிப் பத்திரிகையில் முழுப்பக்கப் படம்: உட்கார மறுத்த மக்கள் கடல்!

அன்றைக்கே செயலாளர் குத்தகையைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா அப்படி என்னதான்யா பேசினாங்க?"

"என் வீட்டம்மாவைத்தான் கேட்கணும்ணே. அங்க முன்வரிசையில இருந்தா."

வீட்டுக்கு வந்ததும் நாற்காலிக்காரர் முதல் வேலையாகப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அடுத்த தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, நாலு மணி, பெரிய திடல், எண்ணூறு. கட்சிப் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இப்படி அது நின்றது இதுவே முதல்முறை.

மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஆளுங்கட்சின்னு மட்டும் போடுங்க. யாருன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."