கலாஸ் சொன்ன கார்டு

பாஸ்போர்ட் இருக்க வேண்டிய இழுப்பறையில் கிரிக்கெட் கார்டுகள்தான் இருந்தன. அகிலா ஆல்பங்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டாள். புருஷன் முரளிதரனை வளைகுடாவிலிருந்து ஊருக்கு அனுப்ப ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும் என்று அவருடைய கம்பெனி ஆள் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். செத்த மனுஷனுக்கும் பாஸ்போர்ட் வேண்டுமாம்.

"கழுத வயசாச்சு, இன்னும் கார்டு வெளாட்டு. ஒரு சாமானாவது வச்ச எடத்துல இருக்கா?"

மகள் ரக்ஷிதா ஆல்பங்களைப் பொறுக்கி அடுக்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மா, ப்ளீஸ், தூக்கிப் போடாதீங்க. கார்னர் பெண்ட் ஆச்சுன்னா அப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நேற்றுக் காலை ஷேவ் பண்ணப் போனவர் பாத்ரூம் வாசலில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையே! கேஸ், கேஸ் என்றுதான் சொன்னார். அவளும் நம்பி தினமும் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். கூடவே படுத்து எழுந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? நேற்றிலிருந்து இந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பக்கத்து ஃபிளாட் நளினி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே ராமையா வந்தார்.

ராமையா முரளியோடு ஒரே ஆபீஸ். லீவு நாளான வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு இதே ஹாலில்தான் இருவரும் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவார்கள். விற்பதும் கிடையாது, சும்மா கொடுப்பதும் கிடையாது. கார்டுக்குக் கார்டு. கைகுலுக்கி, அரபிக்காரர்கள் 'முடிந்தது' என்பதற்குச் சொல்லும் 'கலாஸ்' சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் மாற்றக் கூடாது. பச்சைப் பிள்ளைகள் கெட்டது போங்கள் என்று அகிலா கேலி செய்வாள்.

ராமையா உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கார்டு ஒன்றை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

"இது முரளியோடது, தங்கச்சி. வீட்டுலயே இருக்கட்டும்."

ரக்ஷிதா எட்டிப் பார்த்தாள். "அங்கிள், இது அந்த கோல்ட் பார்டர்! அப்பா இத ட்ரேட் பண்ணவே மாட்டாங்களே. நான் கேட்டே தரல. நீங்க என்ன குடுத்தீங்க?"

ராமையாவுக்குப் பேயறைந்தது போல் முகம் மாறியது. அகிலா கையிலிருந்த ஆல்பத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ள கேக்குதுல்ல அண்ணே. பதிலுக்கு என்ன கார்டு குடுத்தீங்க?"

"கார்டு இல்ல."

"பின்ன?"

அவர் டீப்பாயையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஆபீஸ் படியில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ரெண்டு தடவ. வேர்த்து ஊத்துச்சு. ஒங்களுக்கு போன் போடத்தான் போனேன், சத்தியமா. கையப் புடிச்சுக்கிட்டாரு. பாப்பா பரிட்ச முடியட்டும், டாக்டர்ட்ட போறேன், அகிலாட்ட மூச்சு விடாதீங்கன்னாரு. மறுநா இதக் கொண்டாந்து கையில வச்சு, கலாஸ்னாரு."

"நீங்க?"

"நானும் கலாஸ்னேன்."

ரக்ஷிதாவின் உதடு கோணுவதை அகிலா பார்த்தாள்.

"பரிட்சையாம் பரிட்ச! உன்னால ஒண்ணும் இல்லடி. நளினி, இவள உள்ள கூட்டிட்டுப் போ."

அறைக்கதவு மூடியதும் திரும்பினாள்.

"வாய்க்கு வாய் தங்கச்சி தங்கச்சின்னீங்களே. போன வாரம் என் கையால தின்னுட்டு, நான் ஓமத்தண்ணி ஆத்துறத இந்த எடத்துல உக்காந்துதானே பாத்தீங்க? கேஸ்தான் தங்கச்சி, சரியாயிரும்னு ஒத்து வேற ஊதுனீங்க. படுபாவி! இந்த அட்டைக்கா?"

"இதுக்காக இல்லம்மா. அவரு கெஞ்சுனாரேன்னு..."

"அப்ப ஏன் வாங்குனீங்க?"

பதில் சொல்ல வேண்டிய இன்னொருத்தர் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் நிம்மதியாகப் படுத்திருந்தார். எதிரில் நின்றிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். சாவதற்குக்கூட ட்ரேட் போட்ட மனுஷன்!

"ராத்திரி பூரா தூங்கல தங்கச்சி. இத என்னால வச்சுக்க முடியல" என்றார் ராமையா.

அகிலா கார்டை எடுத்தாள். முரளி சொல்லிக்கொடுத்திருந்தது போல், விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கலாஸ் சொன்னா சொன்னதுதானே. திருப்பிக் குடுக்கவும் கூடாது. நீங்களே வச்சுக்கங்க. வெள்ளிக்கெழமையானா எடுத்து வச்சுப் பாருங்க."

ராமையா வாசல்வரை போனார். பழக்கதோஷத்தில் திரும்பி, "அப்ப நான் போயிட்டு..." என்று வாயெடுத்தார்.

"சாவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது. சொல்லாம இருக்கத்தான் ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே."

கம்பெனி ஆளின் போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். ராமையா லிஃப்டுக்குள் ஏறினார். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் தானாகத் திறந்தது. கீழே போகும் பட்டனை அவர் அமுக்கவே இல்லை. கார்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.