பவுனின் கழுத்துக் கயிறு

பவுனைக் காணோம் என்று முதலில் கத்தியவன் அழகமுத்துதான். பொழுது சரியாக விடிந்திருக்கவில்லை. பௌர்ணமிப் போயா லீவு என்பதால் ரப்பர் வெட்டுக்குப் போகிற ஆட்களெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் மேட்டு லயத்து வரிசை வீடுகளும் பள்ளத்து லயமும் ஒன்றாக எழுந்து வாசலுக்கு வந்தன. அவன் மனைவி விஜயகலா அடுப்பில் வைத்த கேத்தலை அப்படியே விட்டுவிட்டு மாட்டுப்பட்டிக்கு ஓடினாள். முளைக்குச்சி இருந்தது. தொட்டி இருந்தது. முந்தின நாள் போட்ட புல்லில் பாதி அப்படியே கிடந்தது. பவுன்தான் இல்லை. பவுனின் கடைசிக் கன்று சின்னி, இப்போது வளர்ந்து முதல் சினையாக நிற்கிற கிடாரி, தாய் நின்ற இடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

பவுன் செவலை மாடு. மகள் ஷாமிளா பிறந்தபோது விஜயகலாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை பவுனின் பாலில்தான் பிழைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் விடிகாலையில் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு புளத்கொகுபிட்டிய ரோட்டிலுள்ள பால் சென்டருக்கு அவள் நடந்திருக்கிறாள். பெயர்தான் அழகமுத்துவின் பட்டி. உண்மையில் அந்த வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த மாடும் அவளும்தான்.

கடைசி ஈத்துக்குப் பிறகு பவுன் சினை பிடிக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து வந்து ஊசி போட்டதுதான் மிச்சம். பால் வற்றிய மாட்டுக்குத் தீனி போட்டு மாளவில்லை என்று அழகமுத்து முணுமுணுக்காத நாளில்லை. புல் அறுப்பது அவன் வேலை. தோட்டத்தில் களைக்கு மருந்தடித்துப் புல்லையே இல்லாமலாக்கிவிட்டார்கள். வெட்டு முடிந்து களைத்து வந்த மனிதன், ஒரு கட்டுப் புல்லுக்காக ஆற்றைத் தாண்டி, நாடு என்று சொல்கிற சிங்களக் கிராமத்துப் பக்கம் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிழட்டு மாட்டை விற்பதென்றால் கறிக்கு விற்பதுதான். நம்ம பட்டியிலேயே கிடந்து சாகட்டும் என்று விஜயகலா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அவள் முடித்தால் முடித்ததுதான்.

இந்த நேரத்தில்தான் பஸாரில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் கபூர், மாட்டைக் கொடுப்பதாக இருந்தால் தனக்குச் சொல்லும்படி ஒருநாள் அவளிடம் கேட்டுத் தொலைத்தார். பஸ் நிற்குமிடத்தில் வைத்துக் கேட்டதுதான் அவர் செய்த பிழை. எம் மாட்டு மேல இனிக் கண்ணு வச்சீங்கன்னா நடக்கிறதே வேற என்று அவள் போட்ட போட்டில் ரோடே திரும்பிப் பார்த்தது. கபூர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆகவே மாட்டைக் காணோம் என்றதும் எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது. நேற்றுப் பொழுது இறங்குகிற நேரம் கபூர் தோட்டத்து ரோட்டில் நின்றதாக ஒருவன் சொன்னான். இல்லை, ஸ்டோர் பக்கம் நின்றார் என்றான் இன்னொருவன். இரண்டு பேருமே அவரைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சொன்ன பிறகு அவர்களுக்கே அது உண்மையாகிவிட்டது. அழகமுத்து முகம் கறுத்துப்போய் நின்றான். அதைப் பார்த்து விஜயகலாவுக்கு அந்த அழுகையிலும் மனது இளகியது. வாய்தான் திட்டியது, உள்ளுக்குள் இந்த மனிதனுக்கும் பாசம் இருந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஆண்கள் திரண்டு பஸாருக்கு இறங்கினார்கள். மாட்டுக்காரன் என்பதால் அழகமுத்துவை முன்னால் தள்ளிவிட்டார்கள். யாரோ அவன் கையில் ஒரு கம்பையும் திணித்தார்கள். கபூரின் கடைக்குப் பின்கதவு வழியாகப் போய் மாட்டிறைச்சியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி வாங்கி வருகிற வீரர்கள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகம் குதித்தார்கள். தடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் யூனியன் தலைவர். அவரோ முதல் நாளே கேகாலைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாவனல்லையில் முஸ்லிம் கடைகள் எரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு சின்னச் சண்டை எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போனார்கள்.

சின்னி கத்துவதை நிறுத்தவில்லை. அறுத்துக்கொண்டு ஓடிவிடுமோ என்று விஜயகலாவுக்குப் பயம். இன்னொரு கட்டுப் போட்டு வைக்கலாம் என்று கூரைத் தகரத்துக்குக் கீழே, விட்டத்துக் கொக்கியில் பழைய கயிறுகள் மாட்டியிருந்த இடத்துக்குக் கையை உயர்த்தினாள்.

அந்தத் தோட்டத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். வாங்குகிறவன் தன் கயிற்றோடு வர வேண்டும். அவன் கயிறு கழுத்தில் ஏறியதும் பழையதை அவிழ்த்து எடுத்துப் பட்டியிலேயே மாட்டி வைப்பார்கள். மாட்டோடு கயிறும் போய்விட்டால் அந்தப் பட்டியில் பிறகு ஒன்றும் தங்காது என்பது அங்கே எல்லாரும் நம்புகிற விஷயம். அந்தக் கொக்கியில் தொங்கியவையெல்லாம் விற்ற காளைக்கன்றுகளின் கயிறுகள். காய்ந்து, தூசி படிந்து, விறைத்துக் கிடக்கும்.

அவள் கையில் பட்ட கயிறு ஈரமாக இருந்தது.

இறக்கிப் பார்த்தாள். அவளே தும்பு திரித்து முறுக்கிய கயிறு. கண்ணூறு படாமலிருக்கத் தன் பழைய சிவப்புச் சேலையில் கிழித்துக் கட்டிய துணி அதில் இருந்தது. புது மண்ணும் பவுனின் செவலை மயிரும் ஒட்டியிருந்தன. கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, நான்காக மடித்து, அழகமுத்து எப்போதும் மடிக்கிற மாதிரியே நடுவில் ஒரு சுற்றுப் போட்டு மாட்டியிருந்தது.

திருடன் கயிற்றோடு ஓட்டுவான், இல்லாவிட்டால் அறுப்பான். அவிழ்த்துக் கொண்டுவந்து மடித்து மாட்டிவிட்டுப் போக மாட்டான். இருட்டோடு இருட்டாகப் பவுனை ரோட்டுக்கு ஓட்டிப்போய் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து, திருட்டுப் போய்விட்டதென்று ஊரைக் கூட்டியிருக்கிறான் அவள் புருஷன். ஊரை ஏமாற்றத் துணிந்தவனுக்குக் கயிற்றைக் காட்டுக்குள் வீசத் துணிவில்லை. சின்னி சினையாக நிற்கிறதே, பட்டி விளங்காமல் போய்விடுமே என்று பயந்திருக்கிறான். அந்தப் பயம்கூட இல்லாதவனாக இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

அழுவதற்கு நேரமில்லை. கூட்டம் இந்நேரம் பஸாரை எட்டியிருக்கும். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் விட்டுவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, ரப்பர் மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடினாள். அன்றைக்குக் கபூர் மேல் பழியை முதலில் எழுதி ஒட்டியது அவள் வாய்தான். உண்மையைச் சொன்னால், கபூர் மேல் விழ வேண்டிய அடி அழகமுத்து மேல் விழும். தங்களை முட்டாளாக்கியவனை அந்த ஆட்கள் லேசில் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால், ஒரு பாவமும் அறியாத மனிதர் தன் வாசலில் அடிபடுவார். ஓடுகிற ஓட்டத்தில் எந்த முடிவுக்கும் அவளால் வர முடியவில்லை.

போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டியிருந்தது. கூட்டம் கடைக்குப் பின்னால் கபூரின் வீட்டு முற்றத்தில் நின்றது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து தரையில் கிடந்தது. கபூர் சாரத்தோடும் பெனியனோடும் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி ரஹ்மா. மாட்டுக் கொட்டிலைத் திறந்து காட்டியிருந்தார். அங்கே ஓர் எருமைக் கடா மட்டும் நின்றது. ஆனால் கொட்டிலின் ஓரத்தில் உப்புப் போட்டு விரித்த தோலொன்று கிடந்தது. செவலைத் தோல்.

இது பவுன்தான் என்று ஒருவன் சொல்ல, ராத்திரியே வெட்டிவிட்டான் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது போன வாரத்துத் தோல் என்று கபூர் சொல்லிப் பார்த்தார்.

"அல்லாஹ் மேல சத்தியமா எனக்குத் தெரியாது. ஒங்கட மாடு இங்க வரவே இல்ல."

சந்தியில் த்ரீவீல் வைத்திருக்கும் சிங்கள நாட்டுப் பையன்கள் மூன்று நான்கு பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒருவன் "மொகத உனே?" என்று என்ன நடந்தது எனக் கேட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்த வரிசைக் கடைகளைத் தாங்களும் கொஞ்சம் கவனிக்கட்டுமா என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அவன் கூட வந்தவன் எதையோ எடுத்துவரத் த்ரீவீலுக்குத் திரும்பினான்.

விஜயகலா அழகமுத்துவைத்தான் பார்த்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு அந்தத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றான். அது பவுன் இல்லை என்று அந்த முற்றத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. வாயைத் திறக்கவில்லை. மாட்டை விற்றபோது வராத வெறுப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது.

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கயிற்றை உயர்த்திக் காட்டினாள்.

"இது பவுனோட கயிறு. பட்டியில மாட்டியிருந்திச்சு. அறுக்கல, அவுத்திருக்கு."

அதற்கு மேல் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் மாடு வளர்க்கிறவர்கள், அல்லது வளர்த்தவர்கள். குதித்துக்கொண்டிருந்தவன்கூட அடங்கிப்போனான். அப்படியென்றால் விற்றது யார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் கயிற்றை அழகமுத்துவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டால் பிறகு நடப்பதை இரண்டு பேருமாகத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தித் தன் கால் விரல்களைப் பார்த்தான். கூட்டம் மெல்ல அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது. த்ரீவீலுக்குப் போனவன் கையில் இரும்புக் கம்பியோடு வந்துகொண்டிருந்தான்.

"நான்தான் வித்தேன்" என்றாள். "இவருக்குத் தெரியாது. களவு போச்சுன்னு நெனச்சுட்டாரு. கபூர் நானாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஒருவன் காறித் துப்பினான். காலையில் அழுத அழுகையெல்லாம் நாடகமா என்று கேட்டார்கள். நாட்டுப் பையன்களுக்கு இது ஒரு பொம்பளை விவகாரமாகப் போய்விட்டது. சிரித்துக்கொண்டு சந்திக்குத் திரும்பினார்கள். தோட்டத்து ஆட்களும் கலைந்தார்கள். பின்னாலேயே வந்திருந்த தோட்டத்துக் கோயில் பூசாரியின் மனைவி மட்டும் அவள் அருகில் வந்து நின்றாள்.

"சின்னி கன்னு போட்டா மொதப் பால் அம்மனுக்குன்னு சொன்னியே. அத நீயே வச்சுக்க. பெத்த தாய மாதிரி பால் குடுத்தத வெட்டுக்கு வித்தவ வீட்டுப் பால் கோயிலுக்கு வேணாம்."

அந்தப் பேச்சு விஜயகலாவைக் கொன்றுபோட்டது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். அழகமுத்துவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

எல்லாரும் போன பிறகு ரஹ்மா விளக்குமாற்றை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினாள். அவள் விஜயகலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கபூர் பார்த்தார். பிறகு தூரத்தில் தலை குனிந்து நடக்கிற அழகமுத்துவையும் பார்த்தார்.

"வித்தது நீங்க இல்ல, புள்ள" என்றார். "அத நான் கேக்க வரல்ல. இன்டைக்கு போயா. எங்கயும் வெட்ட மாட்டாங்க. மாடு இன்டைக்கு உசிரோட ஈக்கிம்."

வீட்டுக்கு வந்ததும் அழகமுத்து சுவரோரம் குந்திவிட்டான். இப்படியெல்லாம் ஆகும் என்று நினைக்கவில்லை, இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன் என்று அழுதான். பொய்யான அழுகை இல்லை. வரக்காப்பொலயிலிருந்து மாடு ஏற்ற லொறி கொண்டுவருகிற ஜுனைதீனிடம்தான் கொடுத்தானாம். பணம் அரிசி டின்னுக்குள் தொடாமல் இருந்தது.

"நீங்க மாட்ட வித்தது எனக்கு ஆறினாலும் ஆறும்" என்றாள் விஜயகலா. "அந்தத் தோலப் பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம நின்னீங்களே, அது ஆறாது."

பணத்தை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். நாளைக்கு விடிந்துவிட்டால் பவுன் இல்லை. ஜுனைதீன் கூடுதலாகக் கேட்டால் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொல்லிப் பேசும்படியும், மாடு இல்லாமல் இந்த வாசலை மிதிக்க வேண்டாமென்றும் சொன்னாள். கயிற்றை அவனிடம் நீட்டினாள். மாடு வாங்கப் போகிறவன் தன் கயிற்றோடுதானே போக வேண்டும்.

அவன் அதை வாங்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தான். தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் நின்றார்கள். வாசல்களில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லயம் முழுக்க விழித்திருந்தது.

"ஒரு பேக் குடு, கலா. இத உள்ள வச்சுக்கிறேன்."

"பேக்கு வேணாம்" என்றாள். "கையில எடுத்துட்டுப் போங்க."

அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். சிவப்புத் துணி முழங்காலில் தட்டத் தட்ட, ஒவ்வொரு வாசலாகக் கடந்து நடந்தான். வெறும் கயிற்றோடு பகலில் போகிறவன் எதற்குப் போகிறான் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் முகத்தைப் பார்த்த பிறகு மிச்சத்தைத் தெரிந்துகொள்ள யாரும் அவனிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பீலியில் பூசாரியின் மனைவி வைத்திருந்த வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அவனையே பார்த்து நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி வாசலில் நின்ற விஜயகலாவைப் பார்த்தாள். விஜயகலா கண்ணை எடுக்கவில்லை.

அவன் ரோட்டு வளைவில் மறைந்ததும் பட்டிக்குப் போனாள். பவுனின் தொட்டியில் கிடந்த பழைய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி நிரப்பினாள்.