ஒருதலைப்பட்சம்

"அந்தம்மா வீட்டுல இல்லைங்க" என்று சொன்னது அந்தம்மாவேதான்.

வாசலில் நின்ற கோர்ட் ஆள் கையிலிருந்த சம்மனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

"நான்... வேலைக்கு வர்றவ."

சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிவிட்டாள். சொல்லிக்கொடுத்தவர் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றார். பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் இந்த வீட்டு வேலைக்காரி என்று சொல்ல அவளுக்கு நாக்கு கூசத்தான் செய்தது. ஆனாலும் புருஷன் சொன்னால் அதில் ஏதாவது கணக்கு இருக்கும் என்று நம்பினாள். நம்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அவங்க வந்ததும் வாங்கிக்கச் சொல்லுங்கம்மா. வாங்கலைன்னா கதவுல ஒட்டிட்டுப் போகணும். ஒட்டினாலும் கொடுத்த மாதிரிதான்" என்றார் கோர்ட் ஆள். குளியலறையில் யாரோ இருமினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. பாவம், இப்படி எத்தனை வீட்டுக் குளியலறை இருமலைக் கேட்டவரோ. பசை டப்பாவைத் திறந்து தாளைக் கதவில் ஒட்டினார், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார், செருப்பைத் தேய்த்தபடி படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அவள் புருஷன் பாயிண்ட் ஈரத்துணியோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தார். அது அவருடைய பெயரில்லை, பட்டப்பெயர். யார் எதைப் பேசினாலும் நடுவில் புகுந்து, "இங்கதான் ஒரு பாயிண்ட் இருக்கு" என்பார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர், தெருவரைக்கும் வந்து, கடைசியில் சொந்தக்காரர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"ஒட்டிட்டான். சரி. நாம படிச்சோமா? படிக்கலையே!" என்று தாளைத் துடைத்து எடுத்தார். "கையில வாங்காத சம்மனுக்குக் கேஸ் நடத்த முடியாது. இங்கதான் பாயிண்ட் இருக்கு."

விஷயம் இதுதான். வீடு அவளுடைய அப்பாவுடையது. அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டை மகனுக்கு என்று உயில் எழுதிவைத்திருந்தார். பிறகு படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைத் தூக்கி உட்காரவைத்ததும், துடைத்துவிட்டதும், திட்டு வாங்கியதும் மகள்தான். மகன் வந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள. அப்பாவுக்கு உடம்புதான் படுத்திருந்தது, புத்தி படுக்கவில்லை. சாவதற்கு முந்தைய வருஷம் டாக்டரையும், மகள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, வீடு மகளுக்கு என்று புது உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த உயில் பீரோவில், அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அப்பா போனபின் தம்பி பழைய உயிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான். அக்கா போய்ப் புது உயிலைக் காட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் பாயிண்ட் ஏற்கெனவே ஒரு குருவைப் பிடித்துவிட்டார். போனில் வரும் ஆள். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை, பின்னால் சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்கள். "சம்மனை வாங்காதே! வாங்கினால் நீ மாட்டினாய்!" என்று விரலை ஆட்டுவார். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சட்டப் புத்தகங்கள் மொத்தமும் மின்விசிறிக் காற்றில் மெல்ல அலையடித்தன. புத்தகப் படம் அச்சடித்த துணி. அவள் பார்த்துவிட்டாள். சிரிப்புகூட வந்தது. ஆனால் பாயிண்ட் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டாள். அன்றைக்கு விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

மறுநாள் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னாள்.

"சம்மனை வாங்கலையா?" முதலாளி கையிலிருந்த பிரேமைக் கீழே வைத்தார். "ஏம்மா, நான் சாட்சி உயிரோட இருக்கேன், டாக்டர் உயிரோட இருக்கார். போய் உயிலைக் காட்டுறதை விட்டுட்டு இதென்ன கண்ணாமூச்சி? யார் யாரோ சொல்றதைக் கேக்காதே. கோர்ட்டுக்குன்னு சொந்தமா ஒரு வெப்சைட் இருக்கு. சம்மன் வந்தா என்ன செய்யணும், போகலைன்னா என்ன ஆகும், வக்கீல் வைக்க வசதியில்லாதவங்க யாரைப் பாக்கணும், எல்லாம் அதுல போட்டிருக்கு. வீட்டுக்காரரை அதைப் படிக்கச் சொல்லு."

முகவரியை அவளுடைய போனிலேயே போட்டுக்கொடுத்தார். சாயங்காலம் அவள் அதைப் புருஷனிடம் நீட்டினாள். பக்கம் திறக்கவே ஒரு யுகம் ஆயிற்று. திறந்தபின் படமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் எழுத்து, அதுவும் எறும்பு ஊர்வது மாதிரி.

பாயிண்ட் இரண்டு வரி படித்தார். "இதைப் போய் யாரு பாக்குறா? ஒரு லைக்காவது இருக்கா பாரு. கீழே ஒருத்தன்கூட ஒண்ணும் எழுதல. நம்மாளு வீடியோவை லட்சம் பேர் பாத்திருக்கான். லட்சம் பேரும் முட்டாளா?"

"முதலாளி சொன்னாரு..."

"அவரு கண்ணாடி விக்கிறவரு. சட்டம் அவருக்கு என்ன தெரியும்?"

லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனைக்கும், லிஃப்டுக்குள் கை விடுவதற்கு முன்னால் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாத மனுஷர் அவர். கூட இருப்பவன் "கரண்ட் ஆஃப் பண்ணியாச்சு" என்று சத்தியம் பண்ணினாலும் தானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அந்தப் புத்தி வீட்டு விஷயத்தில் எங்கே போயிற்று என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்? அவளும்தான், கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களைக் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, தனக்கு வந்ததில் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை.

மாதங்கள் போயின. கோர்ட் வெப்சைட்டில் பாயிண்டுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். வழக்கு எண்ணைப் போட்டால் கேஸ் என்ன நிலையில் இருக்கிறது என்று அது காட்டும். பல் தேய்க்கிறாரோ இல்லையோ, தினமும் காலையில் அதைப் பார்த்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"ஜெயிச்சுட்டோம்! இங்க வா, கோர்ட்டே ஒத்துக்கிச்சு!"

ஈரக் கையோடு ஓடினாள். போனில் ஒரே வரி: 'நிலை: ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.'

"பாத்தியா? தீர்ப்பு ஒருதலைப்பட்சமா இருக்குன்னு அவனே எழுதியிருக்கான்! பாரபட்சமான தீர்ப்பு எங்கயாவது செல்லுமா? உன் தம்பி மூஞ்சியில கரி!"

அவளும் அந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். தமிழ்தானே, புரியாமல் என்ன? ஒருதலைப்பட்சம் என்றால் ஓரவஞ்சனை. வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில். அப்பா படத்துக்கு முன்னால் நின்று, "வீடு நமக்குத்தாம்பா" என்றாள். பாயிண்டுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீடு பக்கத்துவீடு என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பீரோவுக்கு முன்னால் நின்று, தானே ஒரு வீடியோ எடுத்தார். 'சம்மனை வாங்காமல் ஜெயித்தது எப்படி? நீதிமன்றமே ஒப்புக்கொண்ட உண்மை!' போனைப் பிடித்துக்கொண்டது அவள்தான். பீரோ கண்ணாடியில் அவளும் லேசாகத் தெரிந்தாள்.

ஜெயித்தவர்கள் மேற்கொண்டு என்ன செய்வார்கள்? சும்மா இருந்தார்கள். ஒரு மாதத்தையும் அதற்கு மேலும் சும்மா இருந்தே தீர்த்தார்கள்.

பிறகு ஒருநாள் அதே கோர்ட் ஆள் வந்தார். இந்தத் தடவை கூட இரண்டு போலீஸ்காரர்கள், பூட்டு ஒன்று, தெருமுனையில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த தம்பி. அவள் யார் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. சாமான்களை எடுத்துக்கொள்ள மதியம்வரை நேரம் கொடுத்தார்கள். பாயிண்ட் எல்லோரிடமும் போனைக் காட்டிக் காட்டி, "ஒருதலைப்பட்சம்னு போட்டிருக்கு சார், படிச்சுப் பாருங்க சார்" என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு போலீஸ்காரர் படித்துவிட்டு, "ஆமா, அதனாலதான் வந்திருக்கோம்" என்றார்.

அவள் புடவைக்கு அடியிலிருந்த உயிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாள். விசாரணை ஜன்னலில் இருந்த எழுத்தர் அவளைவிட இளையவர், பொறுமையான பெண்.

"அம்மா, ஒருதலைப்பட்சம்னா பாரபட்சம்னு இல்ல. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டோம், ஒரு தரப்பு வரல, வந்தவங்க சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னோம்னு அர்த்தம். வராத தரப்பு நீங்க."

"இந்த உயில்..."

எழுத்தர் வாங்கிப் பார்த்தாள். டாக்டர் கையெழுத்தையும் முதலாளி கையெழுத்தையும் பார்த்தாள். அவள் முகமே மாறிப்போயிற்று. "இதை யார்கிட்டயும் காட்டலையா? தீர்ப்பு தெரிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள வந்து, வர முடியாததுக்கு நல்ல காரணம் சொல்லி மனு போட்டிருந்தா மறுபடி விசாரிச்சிருப்பாங்களே. இப்ப தாமதத்துக்கும் காரணம் சொல்லணும். நீங்க ஏன் வரல?"

என்ன காரணம் சொல்வது? ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம் என்றா? எழுத்தர் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே பக்கம். படமில்லாத, ஆளில்லாத, எறும்பு எழுத்து. இரண்டாவது பத்தியிலேயே எல்லாம் இருந்தது. அவள் அங்கேயே நின்று முழுக்கப் படித்தாள். கோபம் தம்பி மேலா, புருஷன் மேலா, கோட்டுக்காரன் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. எல்லாம் சுற்றிக்கொண்டு தன் மேலேயே வந்து விழுந்தது.

மனு போட்டார்கள். சம்மனைக் கதவில் ஒட்டிய படத்தையும், தம்பியின் வக்கீல் எடுத்து வைத்த பாயிண்டின் வீடியோவையும் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே வராமலிருந்தவர்கள் என்று கோர்ட் அதைத் தள்ளிவிட்டது.

இப்போது அவர்கள் இருப்பது ஓர் அறையும் சமையல் மூலையுமான இடம். பாயிண்ட் கொஞ்ச நாள் போனைத் தொடாமல் இருந்தார். அவரை அப்படிப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் பழையபடி போனை எடுத்துக்கொண்டார். அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள்.

"இவ்ளோ பேர் பாத்துட்டு வாழ்த்துறாங்க. அதை எப்படி அழிக்கிறது?" என்றார். வீடு போனது வேறு, வீடியோ வேறு. அதில் என்ன பாயிண்டோ.

போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கிட்டப் பிடித்தால் எழுத்துத் தெரியவில்லை என்றாள். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி தயாரானதும் அவள் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காரவைத்து, "உங்க போன்லயே ஏதாவது பாருங்கம்மா" என்றாள் இவள்.

வந்தவள் போனைத் திறந்தாள். "கோர்ட்டே ஒத்துக்கிச்சு!" என்றது, இவள் தினமும் கேட்கிற குரல்.

"இவரை உங்களுக்குத் தெரியுமாக்கா? நல்லா சொல்றாரு. எங்க கொழுந்தன் கேஸ் போட்டிருக்கான். முந்தாநேத்து சம்மன் வந்துச்சு, இவரு பேச்சைக் கேட்டு வாங்கவே இல்லையே நாங்க!"

முந்தாநாள்தான். இன்னும் நேரம் இருக்கிறது. இவள் அந்தப் போனை வாங்கிக் கோர்ட்டின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இதைப் படிங்கம்மா. சத்தமா படிங்க."

வந்தவள் ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் படித்தாள். "'அழைப்பாணையை வாங்க மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். குறித்த நாளில் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படலாம்.' அட, பளிச்சுன்னு தெரியுதுக்கா! ரொம்ப நல்ல கண்ணாடி."

"என்ன போட்டிருக்குன்னு புரிஞ்சுதா?"

"கோர்ட்டுக்காரன் பின்ன எப்படி எழுதுவான், வராதேன்னா எழுதுவான்? அதான் ஒருதலைப்பட்சம்னு இவரு புட்டுப்புட்டு வைக்கிறாரே."

"அம்மா, அந்த ஆளு ஜெயிக்கல. தோத்துட்டாரு. அவரு என் வீட்டுக்காரரு. கேஸுல இருந்த அந்த வீடு இப்ப எங்களுது இல்ல. அவரு சொன்னதை நம்பி, கோர்ட் ஆள் வந்தப்ப நானே நான் இல்லைன்னு சொன்னேன். தயவுசெஞ்சு போய் அந்தச் சம்மனை வாங்குங்க."

வந்தவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக இவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் கடையில் வேலைக்கு வருகிறவள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"போங்கக்கா, கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? எந்த ஊர்ல பொண்டாட்டி புருஷன் பேச்சை நம்பியிருக்கா?"