கொண்டைக்கிளிப் பிடியும் இரண்டு வீம்பும்

வாளைக் கொடுத்த அன்று மங்காரா வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், ஏரியைத் தாண்டிப் போய்ப் பொய் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்காது.

மங்காரா என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அக்கரையில் தாராகாவில் சுல்தான். எங்கள் ஏரியைச் சுற்றி எத்தனை சுல்தான்கள் என்று எண்ணுவது வீண் வேலை. மீன் வாங்கப் போனால் எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். மங்காராவின் மகன் நாயிஃபுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பையன் ஜித்தாவில் நர்ஸ். இருபது நாள் லீவில் வந்திருந்தான், திங்கட்கிழமை விமானம். சீர்த் தட்டில் ஏழு தலைமுறை வாள் வந்தால்தான் மாப்பிள்ளை தங்கள் வீட்டுப் படி ஏறலாம் என்று பெண்ணின் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாள்தான் துகாயாவுக்கு, எங்கள் பட்டறைக்கு வந்தது. நெளிநெளியாக ஓடும் கிரிஸ் வாள். கருங்காலியில் கொண்டைக்கிளித் தலை மாதிரி செதுக்கிய பிடி, கழுத்தில் வெள்ளிப் பின்னல். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? வந்த கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிளியின் மூக்கு போயிருந்தது. கொண்டையில் பாதியைக் காணோம். வெள்ளிக்கம்பி பிரிந்து தொங்கியது, அதன்மேல் யாரோ தங்க நிறப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள்.

எங்கள் முன்னறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மங்காரா வாளைப் பாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முடிஞ்சா பண்ணு, கம்லோன். முடியலன்னா இப்பவே சொல்லிடு. இலிகான் டவுன்ல ஒருத்தன் இருக்கானாம்."

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. 'முடிஞ்சா' என்ற அந்த ஒரு சொல்லை அவர் அன்றைக்கு விழுங்கினார், அது கடைசிவரை செரிக்கவே இல்லை. எங்கள் ஏரிக்கரை மாராநாவ் ஆட்களுக்கு இந்த ரோஷம் தாய்ப்பாலோடு வருகிறது. மராத்தாபாத் என்போம். அதற்காக வெட்டிக்கொண்டு செத்த குடும்பங்கள் உண்டு. அது சோறு போட்டு வளர்த்த குடும்பம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

வேலையைத் தொடங்கினோம். எங்கள் பட்டறையில் இரும்பு அவருடையது, பிடி என்னுடையது. அவர் எலுமிச்சைச் சாறு விட்டுத் துருவை எடுத்து, அன்னாசிச் சாற்றில் ஊறவைத்து இரும்பின் வரிகளை வெளியே கொண்டுவருவார். மரம் செதுக்குவது, வெள்ளி பின்னுவது, குங்கிலியம் உருக்கிப் பிடியை நிறுத்துவது எல்லாம் நான். பார்க்கிறவன் கண் முதலில் பிடியில்தான் விழும். யார் செய்தது என்று கேட்டால் அவர் "நான்தான்" என்பார். இருபத்தாறு வருஷமாக நானும் அந்த நேரத்தில் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

குங்கிலியம் என்றால் சூடு காட்டியதும் இளகிப் பிடி கையோடு வந்துவிடும். இது வரவில்லை. முகர்ந்து பார்த்தேன். இரண்டு குழாயைக் கலந்து வண்டிக்கு ஒட்டுவார்களே, அந்தப் பசை. ஏழு தலைமுறை வாளுக்கு! நான்கு நாள் கத்தி நுனியைச் சுடவைத்துச் சுடவைத்துச் சுரண்டினேன். விரலெல்லாம் கொப்புளம். பசைக்குள் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு இருந்தது. மங்காராவின் ஜீப் அதே பச்சை. ஒட்டியது யாரென்று தெரிந்துவிட்டது. தான் செய்த கூத்துக்கு வெட்கப்பட்டுத்தான் மனுஷன் எங்கள் மேல் பாய்ந்திருக்கிறார்.

புதன்கிழமை வேலை முடிந்தது. புது மூக்கு எது, பழைய மரம் எது என்று எனக்கே தேடவேண்டியிருந்தது. வாளை மஞ்சள் துணியில் சுற்றி வைத்தோம்.

வியாழக்கிழமை மங்காரா வாளை வாங்கிவர டிரைவரை அனுப்பினார். என் வீட்டுக்காரர் அவனுக்குச் சோறு போட்டு, பாலாபா துவையலோடு மீனும் வைத்து, வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். பரம்பரை வாளைக் கொடுத்தவர் கையில்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும், டிரைவர் கையில் கொடுக்க அது என்ன அரிசி மூட்டையா என்றார். முறைப்படி அது சரிதான். ஆனால் அவர் முறைக்காகச் செய்யவில்லை என்பது அடுப்பங்கரையில் இருந்த எனக்குத் தெரியும். என் ஆளையே திருப்பி அனுப்பிவிட்டானே என்று அக்கரையில் மங்காரா குதித்தாராம். இனி அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றாராம். இரண்டு பேரிடமும் கைப்பேசி இருக்கிறது. இரண்டிலும் மற்றவர் எண் இருக்கிறது. இரண்டு பேரும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நாயிஃப் வந்தான். அவனிடமும் கொடுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் பட்டறைக்குள் போய்விட்டார். பையன் என்னிடம் வந்து நின்றான்.

"சித்தி, அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுதான். அதுவரைக்கும் அவளை வீட்ல வெச்சிருக்க மாட்டாங்க. இப்பவே வேற எடம் பேசுறாங்களாம்."

"உங்கப்பாவை வரச் சொல்லேன்டா."

"சொன்னேன். அவன் கால்ல போய் விழச் சொல்றியான்னு கேக்குறாரு."

"இவர்கிட்ட நான் சொன்னேன். அதையேதான் இவரும் கேட்டாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளாலேயே இரண்டு கிழவர்களையும் நான்கு சாத்து சாத்தலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இந்தப் பிள்ளையின் வாழ்க்கை இரண்டு பேர் வீம்பில் போய்விடும்.

சனிக்கிழமை காலை வெள்ளிக்கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகேறினேன். தாராகாவில் மங்காரா வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மனுஷன் யாரிடமும் பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மச்சான், உங்க தம்பிக்கு முடியல."

"என்ன முடியல?"

"வாள்தான். அவருக்குக் கை வரல. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுதான் உங்க டிரைவரைத் திருப்பி அனுப்பினாரு. நீங்களே வந்து பாத்து ஒரு வழி சொல்லுங்க."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் மகன் கல்யாணம் நிற்கப்போகிறது என்கிற கவலை அதில் கொஞ்சமும் இல்லை. நான் அன்னைக்கே சொன்னேன்ல என்று பந்தல்காரனிடம்கூடச் சொன்னார். தொப்பியைத் தேடினார். பார்ப்பதற்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டார். எல்லோருமாக ஒரே படகில் வந்தோம். வழியெல்லாம் அந்த இலிகான்காரன் பெருமைதான்.

மங்காரா எங்கள் படியேறுவதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கும் முகம் மலர்ந்தது. அவரே வந்துவிட்டார், இவர் ஜெயித்துவிட்டார். பாய் விரித்தார், தலையணை போட்டார். நான் ஓடிப்போய்க் காபி கொண்டுவந்து இரண்டு பேர் கையிலும் திணித்தேன். காபி குடித்துவிட்டால் அப்புறம் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது.

மஞ்சள் துணி பிரிந்தது. நெளிநெளியாக இரும்பு, அதன்மேல் கொண்டைக்கிளி, புது மூக்கு, முழுக் கொண்டை. ஐந்து பேரும் கிட்டே நகர்ந்தார்கள். மங்காரா வெகுநேரம் பிடியையே பார்த்தார். பசை ஒட்டியிருந்த இடத்தை விரலால் தேடினார். பிறகு நிமிர்ந்தார்.

"முடியலன்னு உன் பொண்டாட்டி வந்து சொன்னாளே, கம்லோன்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒளிக்காமல் சொன்னேன்: "சொன்னேன். நல்லா வந்திருக்குன்னு சொன்னா நீங்க வந்திருப்பீங்களா? இவருதான் அங்க வந்திருப்பாரா? ஒரு பிள்ளை நாளைக்கு மாப்பிள்ளை ஆகணும்."

மங்காரா இரண்டு கையாலும் வாளை வாங்கிக்கொண்டார், "நல்லாத்தான் வந்திருக்கு" என்று வாளிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் கை வரவில்லை என்று அக்கரையில் போய்ச் சொன்னேனே, அதை நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. தப்புதான். வேறு வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் கூட்டம். சீர்த் தட்டில் வாள் வந்தது. பெண்ணின் பெரியப்பா அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, கொண்டையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையைப் படியேறச் சொன்னார். நாயிஃப் ஏறினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இந்தப் பிடி யாரு செஞ்சது?" என்று பெரியப்பா கேட்டார்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல் காபிக் கோப்பைகளைப் பார்த்தேன்.

"நான் செய்யல" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குத்தான் கை வராதாமே, ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா. அவதான் செஞ்சா. பிடின்னு எது எங்க பட்டறையில இருந்து வந்தாலும் அவ கைதான். அவளையே கேளுங்க."

குத்தவேண்டும் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒருகணம் விழித்தார், வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அத்தனை ஆண்களும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை, அதுவும் கோபத்தில். அழுதிருப்பேன், அதற்குள் பெரியப்பா என் முன்னால் வந்து நின்றுவிட்டார். அவர் வீட்டில் இன்னொரு வாள் இருக்கிறதாம், அதிலும் கிளிக்கு மூக்கு இல்லையாம்.

"முடிஞ்சா பாத்துக் குடும்மா" என்றார்.

முடிஞ்சாவா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்களே எடுத்துட்டு வாங்க" என்றேன். "டிரைவரை அனுப்பாதீங்க."